தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் மூக்கு வடிவத் தகரம்: இது என்ன, எப்படிச் சுத்தம் செய்யலாம்?

நாகலூர்ப் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஏற்காடு பக்கம் நாகலூர், இப்ப சேலம் அஸ்தம்பட்டியில இருக்கோம். எங்க தாத்தா காபி எஸ்டேட்ல ரைட்டரா இருந்தவர். துரை சீமைக்குத் திரும்பறப்ப பங்களாவுல கிடந்த சில்லறைச் சாமானையெல்லாம் வேலை பார்த்தவங்களுக்கே கொடுத்துட்டுப் போனாராம். அப்படி வந்த டிரங்குப் பெட்டி ஒண்ணு இத்தனை வருஷமா பரண்ல கிடந்துச்சு. போன வாரம் இறக்கிப் பார்த்தோம். ரீடு போன ஒரு மவுத்ஆர்கன், ரெண்டு விசில், அப்புறம் என்னன்னே தெரியாத ஒரு தகரச் சாமான்.

அதைப் பத்தித்தான் கேக்கறேன். உள்ளங்கையில அடங்கிடும். மேல்பக்கம் மூக்கு நுழையற அளவுக்குக் குழிஞ்ச ஒரு மூடி. அதுக்குக் கீழ சப்பையா ஒரு தகடு, நடுவுல ஓட்டை. மூடிக்கும் தகட்டுக்கும் இடையில மெல்லிசா ஒரு இடுக்கு. தகட்டோட ஓரத்தை மடக்கித்தான் ரெண்டையும் சேர்த்திருக்காங்க, ஈயம் உருக்கிப் பத்த வச்சு ஒட்டின மாதிரி தெரியல. அங்கங்க பொன்னிறம் ஒட்டிக்கிட்டு இருக்கு, மத்த இடமெல்லாம் சாம்பல், ஓரத்துல துரு. மேல ஏதோ எழுத்து புடைச்சு நிக்குது, படிக்க முடியல.

மூக்கால ஊதற சாமானோன்னு நெட்ல தேடினா மூங்கில்ல செஞ்ச நீளக் குழலா வருது, இது அப்படி இல்ல. புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்னு அம்மா சொல்றாங்க. செவ்வாய்ப்பேட்டையில தெரிஞ்ச கொலுசுப் பட்டறையில கொடுத்தா ஒடுக்கு எடுத்து பாலீஷ் போட்டுக் கொடுப்பாங்கன்னு சித்தப்பா சொல்றார். எதையும் செய்யறதுக்கு முன்னாடி விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கலாம்னு வந்தேன். ஊதிப் பார்த்தா வெறும் காத்துதான் வருது.

கன்னங்குறிச்சிக்காரன் எழுதியது:

பழைய ஆஸ்பத்திரிச் சாமானா இருக்குமோ? அந்தக் காலத்துல குளோரோஃபார்ம் கொடுக்க மூக்கு மேல ஒண்ணு வைப்பாங்க. எஸ்டேட் பங்களான்னா மருந்துப் பெட்டி கட்டாயம் இருந்திருக்கும்.

டைமேக்கர் செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

அம்மா, முதல்ல புளியைக் கீழ வைக்கச் சொல்லுங்க. பட்டறைக்கும் அனுப்பாதீங்க. மத்ததெல்லாம் நிதானமாப் பேசிக்கலாம்.

கன்னங்குறிச்சித் தம்பி சொன்ன குளோரோஃபார்ம் மூடி கம்பியில சட்டம் கட்டி, மேல துணி போட்டது. உங்ககிட்ட இருக்கறது வாத்தியம். மூக்குக்குழல். மூக்கால ஊதணும், வாய் அதுக்குக் குடம். நெட்ல நீங்க பார்த்த மூங்கில் குழல் வேற ஜாதி. ஹவாய், டோங்கா தீவுகள்ல, பிலிப்பைன்ஸ் மலைநாட்டுல, தைவான்ல பைவான் மக்கள்கிட்ட எல்லாம் அது இருக்கு. அதுல விரல் வைக்கத் துளை உண்டு, ஒரு நாசித் துவாரத்தால ஊதுவாங்க. உங்களுதுல விரலுக்கு வேலையே இல்ல. இது ஃபேக்டரியில பிரஸ்ல அடிச்சு ஆயிரக்கணக்குல வெளிய வந்த சாமான். 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்துல அமெரிக்காவுல இதை ஹியூமனடோன்னு பேர் வச்சு வித்தாங்க. ஜெர்மன்காரங்க நாசென்ஃப்ளோட்டெம்பாங்க. அப்புறம் பேக்கலைட்ங்கற பழைய கெட்டி பிளாஸ்டிக், இப்ப வர்ற பிளாஸ்டிக்னு மாறிப்போச்சு. பிளாஸ்டிக்ல இப்பவும் புதுசாவே கிடைக்குது. தகரத்துல வந்ததுதான் அருமை.

நான் பிரஸ் டூல் செஞ்சு பிழைச்சவன், அதாவது தகட்டை வெட்டி வளைக்க பிரஸ்ல மாட்டற பஞ்சும் (மேல இருந்து இறங்கற அச்சு) டையும் (கீழ இருக்கற அச்சு) செய்யற வேலை. ரிட்டையர் ஆன பிறகு தகட்டுல அடிச்ச ஒலிச் சாமான்களைச் சேர்க்க ஆரம்பிச்சேன். போலீஸ் விசில், ரயில்வே விசில், அமுக்கினா டிக் டிக்னு கத்தற தகரத் தவளை, இந்த மூக்குக்குழல். "லட்சக்கணக்குல அடிச்ச மலிவுச் சாமானைப் போய் ஏன் சேர்க்கறே"ன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. கையால செஞ்ச பொருள்ல செஞ்சவரோட கை தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. பிரஸ்ல அடிச்ச பொருள்லயும் அது தெரியும். எங்க பார்க்கணும்னு தெரிஞ்சிருந்தா போதும்.

உங்க சாமானையே எடுத்துக்குங்க. வாய் ஓட்டையோட ஓரத்தை நகத்தால மெதுவா வருடிப் பாருங்க. ஒரு பக்கம் வழவழன்னு உருண்டு இருக்கும், மறுபக்கம் லேசா சுரசுரன்னு தட்டும். பஞ்ச் எந்தப் பக்கம் இறங்குச்சோ அது வழவழப்பு, வெளிய வந்த பக்கம் பிசிறு. பஞ்சும் டையும் புதுசா இருந்தப்ப அடிச்சதுன்னா பிசிறு கண்ணுக்கே தெரியாது. மழுங்க மழுங்கப் பிசிறு உயரும். புடைப்பு எழுத்தும் அப்படித்தான். டை புதுசுல எழுத்தோட மூலை கூர்மையா நிக்கும், தேய்ஞ்ச டையில அடிச்சா மூலை உருண்டு, எழுத்து தூங்கிப்போய்க் கிடக்கும். என்கிட்ட ஒரே மாடல்ல ரெண்டு மூக்குக்குழல் இருக்கு. தூரத்துல பார்த்தா ஒரே தறியில நெய்ஞ்ச ரெண்டு வேட்டி மாதிரி இருக்கும். லென்ஸ் வச்சுப் பார்த்தா ஒண்ணு டையோட இளமையில வந்தது, இன்னொண்ணு டையைக் கழட்டிச் சாணை பிடிக்க வேண்டிய நேரத்துல வந்தது. ரெண்டாவதுல காது, அதாவது மூடியையும் தகட்டையும் சேர்க்க மடக்கற ஓரத்து நாக்கு, மடிச்ச இடத்துல மடிப்புக் கொஞ்சம் கோணல். மடிச்சவங்க அவசரத்துல இருந்திருக்காங்க. அந்த ஃபேக்டரியைப் பத்தி எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லாததை அந்தக் கோணல் மடிப்பு சொல்லுது.

இதையெல்லாம் பாலீஷ் ஒரே நாள்ல அழிச்சிடும். அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

புளி ஏன் கூடாதுன்னா, பித்தளை, செம்புப் பாத்திரம் உள்ள வரைக்கும் ஒரே உலோகம். புளியில இருக்கற புளிப்பு மேலாப்புல கறுத்ததைக் கரைச்சிடும், அடியில அதே உலோகம் பளிச்சுனு வரும். உங்க சாமான் பெரும்பாலும் தகரம், அதாவது இரும்புத் தகட்டு மேல மெல்லிசா வெள்ளீயம் பூசினது. ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டு போங்க. ஒட்டினா இரும்புத் தகடுதான். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் ஒட்டாது. நம்ம வீட்டுச் சமையல் பாத்திர எவர்சில்வர்லயும் பெரும்பாலும் ஒட்டாது. அந்த வெள்ளீயப் பூச்சு ரொம்ப ரொம்பச் சன்னம். புளியும் சபீனாவும் சேர்ந்தா அது போயிடும். துத்தநாகம் பூசின வாளி கீறினா துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாத்தும். வெள்ளீயம் நேர்மாறு. கீறல் விழுந்த இடத்துல இரும்புதான் முதல்ல அரிக்கும். பளபளன்னு ஆன தகரம் ஒரு மழைக்காலத்துல புள்ளி புள்ளியாத் துருப்பிடிக்கறது அதனாலதான். அந்தப் பொன்னிறமும் தங்கமில்ல, பித்தளையுமில்ல. தகரத்து மேல பூசின மஞ்சள் வார்னிஷா இருக்கும். போனா திரும்ப வராது.

இப்ப செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உலர்ந்த மெல்லிசு பிரஷ்ஷால தூசி தட்டுங்க. பஞ்சை சோப்புத் தண்ணியில நனைச்சு நல்லாப் பிழிஞ்சு துடைங்க, உடனே உலர்ந்த பஞ்சால துடைச்சு வெயில்ல இல்லாம ஃபேன் காத்துல வைங்க. துரு இருக்கற ஓரத்துல மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்குத்தி நுனியில எடுத்து வச்சுட்டு ஒரு நாள் விட்டுத் துடைங்க. உள்பக்கமும் வாய் படற ஓரமும் எண்ணெய் படக் கூடாது. எழுத்தைப் படிக்க ராத்திரி லைட்டை அணைச்சுட்டு மொபைல் டார்ச்சைப் படுக்க வச்சு பக்கவாட்டுல அடிங்க. நிழல் விழும், எழுத்து எழுந்து நிக்கும். படம் எடுத்துப் போடுங்க.

பனங்காடு பட்டறை எழுதியது:

டைமேக்கர் ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி. நாங்க மூணு தலைமுறையா வெள்ளி வேலை. நாகலூர் அக்கா, தயவு செஞ்சு எந்தப் பட்டறையிலயும் இதைக் கொடுக்காதீங்க. கெட்ட எண்ணத்துல யாரும் கெடுக்க மாட்டாங்க, எங்க வேலையே வேற. நாங்க வெங்காரம் தடவி, பொடி (ஒட்டறதுக்கு உருகற உலோகத் துணுக்கு) வச்சு ஊதிப் பத்த வைக்கறது 600 டிகிரிக்கு மேல. வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிடும். தீயைக் காட்டின நிமிஷமே பூச்சு முத்து முத்தா உருண்டு ஓடிடும், வார்னிஷ் கருகிடும்.

இன்னொரு விஷயம். வெள்ளீயம், காரீயம் பட்ட சாமானை நல்ல பட்டறைக்காரர் தன் அடுப்புக்கிட்டயே சேர்க்க மாட்டார். அதோட துணுக்கு ஒண்ணு வெள்ளியில ஒட்டி சூடு பட்டா அந்த இடம் அரிச்சுக் குழி விழுந்துடும். எங்க அப்பா ஈயம் பத்த வைக்கற சாமானை வீட்டுக்குப் பின்னாடி தனியாத்தான் வச்சிருப்பார். பாலீஷ் மோட்டாரும் வேண்டாம். பஃப் சக்கரம் ஒரு சுத்து சுத்தினா அந்த எழுத்தோட மேல்முனை காணாமப் போயிடும்.

ஒடுக்கு எடுக்கணும்னா சூடு இல்லாம, தேக்கு குச்சியை வழவழன்னு சீவி உள்பக்கத்துல இருந்து அமுக்கி அமுக்கித்தான் எடுக்கணும். சுத்தியல் கூடாது.

மோர்சிங் வாத்தியார், ஏற்காடு எழுதியது:

ஊதும் முறையைப் பற்றி நான் சொல்கிறேன். என்னிடம் பிளாஸ்டிக் மூக்குக்குழல் இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சுருதி ஞானம் வரவழைக்க அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

காற்று மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, மூடி மூக்கோடு ஒட்டி உட்காரவில்லை, பக்கவாட்டில் காற்று கசிகிறது. இரண்டு, வாயைத் திறந்து வாயாலும் மூச்சு விடுகிறீர்கள். மூக்கிலிருந்து வரும் காற்று அந்த இடுக்கு வழியாக மெல்லிய பட்டையாக இறங்கி, வாய் ஓட்டையின் ஓரத்தில் மோத வேண்டும். அங்கேதான் ஒலி பிறக்கிறது. வாய்க்குள் இருக்கும் காற்று அதற்கு அதிர்ந்து கொடுக்கிறது. காலி பாட்டில் வாயில் ஊதும்போது நடப்பதும் இதே சங்கதிதான், ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் 19ஆம் நூற்றாண்டில் இதை விளக்கியிருக்கிறார். வாய்க்குள் இடம் குறைந்தால் சுருதி ஏறும், இடம் கூடினால் இறங்கும். உதட்டு இடைவெளியை அகலப்படுத்தினாலும் ஏறும்.

செய்முறை: உதட்டை லேசாகப் பிளந்து தகட்டின் ஓட்டையைச் சுற்றி மெதுவாக அழுத்துங்கள். சத்தமில்லாமல் "ஊ" சொல்வது போல வாயை வைத்துக்கொண்டு மூக்கால் மிக மெல்ல மூச்சு விடுங்கள். சாமி படத்துக்கு முன்னால் எரியும் விளக்கு அணையாத அளவு மூச்சு போதும். பலமாக ஊதினால் இரைச்சல்தான் வரும். ஒலி பிடிபட்டதும் அப்படியே "ஊ"விலிருந்து "ஈ"க்கு நாக்கை நகர்த்துங்கள், சுருதி வழுக்கிக்கொண்டு மேலே போகும். சீட்டியடிக்கத் தெரிந்தவருக்கு அரைமணி நேரத்தில் வந்துவிடும்.

பல்லில் அணைத்து விரலால் மீட்டும் மோர்சிங்கிலும் வாய்தான் ஒலி அறை. ஆனால் அங்கே நாக்குத் தகட்டின் ஆதார சுருதி மாறாது, அதன் மேலோசைகளில் எதை எடுப்பது என்பதை மட்டும் வாய் தீர்மானிக்கிறது. மூக்குக்குழலில் சுருதியே வாயின் கையில். அதனால் ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் கமகம் தானாக வரும், ஸ்வரத்தில் நிற்பதுதான் கடினம். ஸ, ப இரண்டையும் தம்புரா ஆப் வைத்து ஒரு வாரம் பிடித்து நில்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம். இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குபவர்கள் பெர்லினில் மூக்குக்குழலுக்கென்றே ஒரு வாத்தியக் குழு இருப்பதை ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

நாகலூர்ப் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மா புளியை எடுத்து வச்சுட்டாங்க, சித்தப்பாவுக்குப் பனங்காட்டுத் தங்கச்சி எழுதினதைப் படிச்சுக் காட்டினேன்.

காந்தம் நல்லா ஒட்டுது. சோப்புத் தண்ணிப் பஞ்சால துடைச்சதுல பொன்னிறம் நான் நினைச்சதைவிட நிறைய இடத்துல இருக்குன்னு தெரிஞ்சுது. டார்ச் பக்கவாட்டுல அடிச்சப்ப எழுத்து வந்துடுச்சு! ஒரு ஓரத்துல டி.ஆர்.ஜி.எம்., அதுக்குக் கீழ ஜெர்மனின்னு இங்கிலீஷ்ல. வேற நம்பரோ பேரோ இல்ல. எழுத்து மூலையெல்லாம் உருண்டுதான் இருக்கு ஐயா, நீங்க சொன்ன தேய்ஞ்ச டை.

வாத்தியார் சொன்ன மாதிரி மெதுவா ஊதினேன், "ஊ" வந்துடுச்சு. என் பையன் ஓடிவந்து பக்கத்துல உக்காந்துட்டான், அவனுக்கும் வேணுமாம். ஆனா "ஈ" பக்கம் போனா சத்தம் உடைஞ்சு காத்தாயிடுது. வாய் ஓட்டையோட மேல் ஓரத்துல, இடுக்குக்கு எதிர்ல, ஒரு சின்ன நசுங்கல் இருக்கு. அதனாலயா? அரத்தால லேசாத் தேய்ச்சு நேராக்கலாமா? விலைக்குக் கேட்டா கொடுக்கலாமான்னும் வீட்டுல பேச்சு வந்துச்சு. எந்த வருஷத்துச் சாமான்னு சொல்ல முடியுமா?

டைமேக்கர் செவ்வாய்ப்பேட்டை எழுதியது:

அரம் வேண்டவே வேண்டாம் அம்மா. அந்த ஓரம்தான் இந்த வாத்தியத்தோட உயிர். இடுக்குல இருந்து வர்ற காத்து வெட்டுப்படற இடம் அது. ஒரு இழை தேய்ச்சாலும் காத்து மோதற தூரம் மாறிடும், தேய்ச்ச இடத்துல வெறும் இரும்பு வெளிய வந்து உங்க மூச்சு ஈரத்துலயே துருப்பிடிக்கும். பனங்காட்டுப் பொண்ணு சொன்ன தேக்கு குச்சிதான் வழி. நுனியை உளி மாதிரி சப்பையா சீவி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்க. நசுங்கின ஓரத்துக்கு உள்ள கொடுத்து, எதிர்ப்பக்கம் கட்டைவிரலை அணைச்சு, மெதுவா நெம்புங்க. ஒரே தடவையில நேராக்கப் பார்க்காதீங்க. கொஞ்சம் நெம்பி, ஊதிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். "ஈ" தெளிவா வந்த இடத்துல நிறுத்திடணும். கண்ணுக்கு இன்னும் கோணலாத் தெரிஞ்சாலும் பரவாயில்ல, காதுதான் அளவுகோல். மடிச்ச காதுகளைப் பிரிக்காதீங்க. பழைய தகரக் காது ஒரு தடவை மடிஞ்சது, மறுபடி நிமிர்த்தினா ஒடியும்.

வருஷம். டி.ஆர்.ஜி.எம்.ங்கறது ஜெர்மனியில பதிவு பண்ணின பயன்பாட்டு வடிவம், அதாவது பொருளோட அமைப்புக்குக் கிடைக்கற காப்பு. காப்புரிமைக்கு ஒரு படி கீழ. 1891ல வந்த சட்டம். முதல்ல மூணு வருஷம் காப்பு, நீட்டிச்சா ஆறு. ஆனா காப்பு முடிஞ்ச பிறகும் டையில வெட்டின எழுத்தை யாரும் அழிக்கப் போறதில்ல, டை தேயற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. அதனால அந்த நாலெழுத்தை மட்டும் வச்சு வருஷத்தைக் குறுக்க முடியாது. நாட்டுப் பேர் உதவும். உள்நாட்டுச் சாமான்னு நினைக்க வைக்கற பேரோ மார்க்கோ இருக்கற வெளிநாட்டுச் சாமான்ல தயாரான நாட்டைக் காட்டணும்னு பிரிட்டன் 1887லயும், வெளிநாட்டுச் சாமான்ல நாட்டோட பேர் இருக்கணும்னு அமெரிக்கா 1890லயும் சட்டம் போட்டுச்சு. ரெண்டாம் உலகப்போருக்கப்புறம் வந்ததுல அமெரிக்க மண்டல ஜெர்மனின்னோ, 1949க்கு அப்புறம் மேற்கு ஜெர்மனின்னோ பார்க்கலாம். உங்களுதுல வெறும் ஜெர்மனி, கூடவே டி.ஆர்.ஜி.எம். ஆக 1891க்குப் பின்னாடி, ரெண்டாம் உலகப்போர் முடியறதுக்கு முன்னாடின்னு வைக்கறதுதான் நியாயம். துரை காலத்துக்கும் ஒத்துப்போகுது. இதேபோல ஜப்பான் தகரச் சாமான்ல ஆக்கிரமிப்பு ஜப்பான்னு இருந்தா அது 1947ல இருந்து 1952க்குள்ள. பெட்டியில இருந்த ரெண்டு விசிலையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பர்மிங்காம்ல ஹட்சன் கம்பெனி செஞ்சதா இருந்தா அதுல தெரு விலாசமே அடிச்சிருக்கும். அந்தக் கம்பெனி இடம் மாற மாற விலாசமும் மாறினதால விசில் சேர்க்கறவங்க அதை வச்சே காலம் சொல்லிடுவாங்க. 1880கள்ல லண்டன் போலீஸுக்கு விசில் கொடுத்த அதே ஹட்சன்தான்.

விற்கறது உங்க வீட்டு முடிவு. என் மனசுல இருக்கறதைச் சொல்லிடறேன். பெட்டியில இருந்த சாமான் எதையும் பிரிக்காதீங்க. மூக்குக்குழல் தனியாப் போனா அது ஒரு ஜெர்மன் தகரச் சாமான், அவ்வளவுதான். ரீடு போன மவுத்ஆர்கனும் விசிலும் அந்த டிரங்குப் பெட்டியும் கூட இருந்தா, ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் பங்களாவுல சாயங்காலம் என்ன சத்தம் கேட்டுச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி. தாத்தா எந்த எஸ்டேட்ல எந்த வருஷம் இருந்தார், பெட்டி எப்படி வந்துச்சுன்னு அம்மாவுக்கு ஞாபகம் இருக்கறதை ஒரு தாள்ல எழுதி, தேதி போட்டு உள்ள வைங்க. என்கிட்ட இருக்கற முக்காவாசி சாமானுக்கு அந்தத் தாள் இல்ல. அது எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

பத்திரப்படுத்தறதுக்கு நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க, அது ஈரம் பிடிக்கும். துவைச்ச பருத்தித் துணியில சுத்தி, மாத்திரை டப்பாவுல வருமே அந்த சிலிகா ஜெல் பொட்டலம் நாலைஞ்சு போட்டு இறுக்கமான டப்பாவுல வைங்க. மறுபடி நாகலூர் வீட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா மழை, பனி மாசத்துல பொட்டலத்தை மாத்திக்கிட்டே இருக்கணும். மலையில தகரம் சேலத்தைவிட வேகமாத் துருப்பிடிக்கும். ஊதின பிறகு உள்ள இருக்கற மூச்சு ஈரத்தை பட்ஸால ஒத்தி எடுத்துட்டுத்தான் மூடணும்.

பையனுக்கு மட்டும் இதைக் கொடுக்காதீங்க. அந்தக் காலத்துப் பெயின்ட்டுலயும் ஈயப் பத்துலயும் காரீயம் இருக்க வாய்ப்பு உண்டு, இது வாயில படற சாமான். பெரியவங்க எப்பவாவது துடைச்சுட்டு ஊதிப் பார்க்கறது வேற, பிள்ளை நாள் பூரா கடிச்சுக்கிட்டு இருக்கறது வேற. வாத்தியார் வச்சிருக்கற மாதிரி பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கிக் கொடுங்க, சத்தம் இன்னும் சுத்தமாவே வரும். விசில் ரெண்டோட படத்தையும் போடுங்க, எழுத்து தெரியற மாதிரி பக்கவாட்டு வெளிச்சத்துல.